நடக்காத யுத்தம்

சென்ற எட்டு மாதங்களாக நான் கதை எதுவும் எழுதவில்லை. பத்திரிகை ஆசிரியர் இரண்டு தடவை டெலிபோனில் கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தேன். அது பொய். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நான் ஜப்பானியக் கடற்படையை நடத்திக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிடட்டும். என் அக்காள் மகன் ஒரு துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவன். கப்பல் வரவு, கப்பல் போக்கு, கிடங்கில் எத்தனை டன் என்பதுதான் அவனுக்குப் பகலெல்லாம் வேலை. அப்படிப்பட்டவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எதை விளையாடுவான்? அதையேதான். ஒரு நாள் வந்து என் கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டத்தை ஏற்றி, முந்நூறு பக்கம் போல இருந்த விதிப் புத்தகத்தையும் சேர்த்து வைத்து, "மாமா, நீங்க ஜப்பான், நான் அமெரிக்கா. தினம் ராத்திரி ஒரு நாள் யுத்தம். சம்மதமா?" என்று கேட்டான். நாவல் எழுதுகிறவனுக்கு முந்நூறு பக்கம் ஒரு பொருட்டா என்ற திமிரில் சம்மதித்தேன்.

ஆட்டத்தின் பெயர் 'வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்'. 2009ல் வெளிவந்தது. கேரி கிரிக்ஸ்பி என்ற அமெரிக்கர் 2004ல் செய்த ஆட்டத்தின் மேல் வேறு சிலர் கட்டி எழுப்பியது இது. கிரிக்ஸ்பி 1982லேயே குவாடல்கனால் தீவுப் போரைக் கம்ப்யூட்டர் ஆட்டமாகச் செய்தவர். 1992ல் பசிபிக் யுத்தம் முழுவதையும் செய்தவர். ஒரே நாவலை வேறு வேறு பெயரில் வாழ்நாள் முழுவதும் எழுதுகிற ஆசிரியர்கள் எல்லா மொழியிலும் உண்டு. இவரும் அந்த ஜாதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

திரையில் ஒரு வரைபடம். மேற்கே இந்தியாவிலிருந்து கிழக்கே அமெரிக்கக் கரை வரையில் கடலும் தரையும் அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கட்டம் 40 கடல் மைல். 1941 டிசம்பர் 7ந் தேதி ஆரம்பம். ஒரு முறை ஆடினால் ஒரு நாள் கழிகிறது. கடைசி வரைக்கும் ஆடினால் ஆயிரத்தைந்நூறு நாளுக்கு மேல் ஆகும். தினம் ஒரு நாள் என்று இருவர் ஆடினால், உண்மை யுத்தம் நடந்த காலமே இதற்கும் பிடிக்கும். யுத்தக் கப்பல்கள் மட்டுமல்ல, சரக்குக் கப்பல்களும் அவரவர் பெயரோடு இருக்கின்றன. விமானிகளுக்குப் பெயர் உண்டு. தளபதிகளுக்குத் துணிச்சல் இவ்வளவு, நிர்வாகத் திறமை இவ்வளவு என்று எண்கள் உண்டு. இத்தனை பேர் வரும் ஒரே நூலாக எனக்குத் தெரிந்தது மகாபாரதம்தான்.

ஆனால் இதை விமரிசனம் செய்யத் தகுந்த விஷயமாக நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் பிரம்மாண்டம் அல்ல. இது கதை சொல்லும் ஒரு முறை. அதிலும், "அப்படி நடக்காமல் இப்படி நடந்திருந்தால்?" என்று கேட்கும் முறை. நாவலாசிரியனின் மூலதனமே இந்த ஒரு கேள்விதான். இன்னொருவன் அதே மூலதனத்தை வைத்து வியாபாரம் செய்கிறபோது நம்மைவிட நன்றாகச் செய்கிறானா என்று பார்க்கத்தானே வேண்டும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டம் அலுப்பூட்டக்கூடியது. யுத்தம் என்றால் பீரங்கி முழக்கம் என்று நினைத்து வருகிறவன் ஒரு வாரத்தில் ஓடிப்போவான். நான் முதல் மாதத்தில் செய்தது என்னவென்றால், கப்பல்களுக்கு எண்ணெய் தேடியதுதான். ஜப்பானுக்குச் சொந்தத்தில் எண்ணெய் இல்லை என்று சொல்லலாம். அதற்காகத்தான் யுத்தமே. பாலிக்பாப்பனையும் பாலெம்பாங்கையும் பிடித்தால் எண்ணெய் வரும். ஆனால் பிடிக்கும்போது கிணறும் சுத்திகரிப்பு ஆலையும் சேதமாகும். அதைச் செப்பனிடச் சரக்கு வேண்டும். சரக்கு போக கப்பல் வேண்டும். கப்பல் ஓட எண்ணெய் வேண்டும். வட்டி கட்டக் கடன் வாங்குகிற குடும்பஸ்தன் கதைதான். அட்மிரல் என்கிற பட்டத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் நான் மாதக் கடைசியில் பலசரக்குக் கடைப் பாக்கியைக் கூட்டிப் பார்க்கிற குமாஸ்தாவாகத்தான் இருந்தேன்.

இந்த அலுப்புதான் இதன் சிறப்பு என்பது என் அபிப்பிராயம். நம் சரித்திர நாவல்களில் என்ன நடக்கிறது? நாகப்பட்டினத்தில் பாய் விரிகிறது; சங்கு முழங்குகிறது; அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் படை அக்கரையில் இறங்கி நிற்கிறது. நடுவில் அந்த ஆயிரக்கணக்கான பேர் எதைக் குடித்தார்கள், குதிரைக்கு யார் தண்ணீர் காட்டினார்கள் என்று எந்த நாவலாசிரியனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கல்கியை விதிவிலக்கு என்று சொல்ல வேண்டும். 'பொன்னியின் செல்வ'னில் ஈழத்திலுள்ள படைக்கு உணவு அனுப்புவதைப் பற்றி ஒரு சச்சரவே வருகிறது. அந்நாட்டு ஜனங்களிடமிருந்து பறித்துத் தின்னக் கூடாது என்பது இளவரசன் கட்சி. சிறு வயதில் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு வந்தியத்தேவனைத் தேடி ஓடினவன் நான். இப்போது திரும்பி எடுத்துப் படித்தபோது, கல்கிக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம் எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகு ஓர் ஆட்டத்தின் மூலமாகத்தான் தெரிய வேண்டியிருந்தது என்று வெட்கமாக இருந்தது.

எல்லா யுத்த ஆட்டங்களும் இப்படி இல்லை. 2016ல் வந்த 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்' நான்காம் பாகத்தையும் பார்த்தேன். அதில் கடலில் நம் கை ஓங்கியிருக்க வேண்டும். பிறகு ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு கரைக்கு அம்பு போல ஒரு கோடு இழுத்தால் படை போய் இறங்குகிறது. தீவுகள் வர்ணம் மாறுகின்றன. அவசரக்காரர்களுக்கு நல்ல ஆட்டம். 1964ல் அவலான் ஹில் கம்பெனி வெளியிட்ட 'மிட்வே' என்ற அட்டை ஆட்டம் இதைவிட எளிமையானது. ஆனாலும் அதை மதிக்கிறேன். அதில் இருவருக்கும் நடுவே ஒரு மறைப்பு. எதிரியின் கப்பல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஊகித்துக் கேட்டுக் கேட்டுத் தேட வேண்டும். கடல் யுத்தத்தில் பாதி, தேடுவதுதான். அந்த அட்டை ஆட்டக்காரர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

நடக்காத யுத்தத்தை எழுதிப் பார்த்த நாவலாசிரியர்களும் உண்டு. ஹெக்டர் பைவாட்டர் என்கிற ஆங்கிலேயப் பத்திரிகைக்காரர் 1925ல் 'தி கிரேட் பசிபிக் வார்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் 1931ல் யுத்தம் மூளுவதாகக் கற்பனை. ஜப்பான் திடீரென்று தாக்குகிறது. பிலிப்பைன்ஸையும் குவாமையும் பிடிக்கிறது. அமெரிக்கர்கள் தீவுதீவாகத் திரும்பி வருகிறார்கள். பதினாறு வருஷம் கழித்து ஏறக்குறைய அதுவே நடந்தது. பைவாட்டர் 1940ல் காலமாகிவிட்டார், பலித்ததைப் பார்க்கவில்லை. தீர்க்கதரிசனம் என்ற முறையில் அது ஆச்சரியமான புத்தகம். நாவல் என்ற முறையில் ஒன்றுமில்லை. அதில் கப்பல்கள்தான் பாத்திரங்கள். சாகிறவர்களுக்கு முகம் கிடையாது.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1942 மே மாத ஆரம்பத்தில், ஹஷிராஜிமா நங்கூரத் துறையில் நின்ற 'யமாதோ' என்ற மாபெரும் யுத்தக் கப்பலில், ஜப்பானியக் கடற்படைத் தலைவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடினார்கள். அடுத்த மாதம் மிட்வே தீவைப் பிடிக்கப் போகிறார்கள், அதற்கு ஒத்திகை. அட்மிரல் யமமோதோவின் தலைமை அதிகாரியான உகாகிதான் நடுவர்களுக்கெல்லாம் தலைவர். மிட்வே தீவிலிருந்து அமெரிக்க விமானங்கள் வந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்குவதாக ஒரு கட்டம் வந்தது. எத்தனை குண்டு பட்டது என்று பார்க்க ஒக்குமியா என்ற அதிகாரி பகடையை உருட்டினார். ஒன்பது என்று விழுந்தது. அகாகியும் காகாவும் மூழ்கின என்று தீர்ப்புச் சொன்னார். உகாகி குறுக்கிட்டார். ஒன்பது இல்லை, மூன்றுதான் என்றார். அகாகிக்கு லேசான காயம். காகா மட்டும் மூழ்கியது என்று ஆயிற்று. அதோடும் நிற்கவில்லை. ஆட்டத்தின் அடுத்த பகுதியில், பிஜித் தீவுப் பக்கம் போகும்போது, மூழ்கின காகா மறுபடியும் மிதந்து வந்து அணியில் சேர்ந்துகொண்டது.

நம் ஊரில் இந்தக் கதையை யாரும் ஆச்சரியமாகக் கேட்க மாட்டார்கள். தருமபுத்திரன் தோற்றதையெல்லாம் திருதராஷ்டிரன் திருப்பிக் கொடுத்ததும், மறுபடியும் பகடைக்குக் கூப்பிட்டதும் நமக்குப் பாட்டி சொன்ன கதைதானே. ஜூன் 4ந் தேதி மிட்வேயில் அகாகி, காகா, ஸோர்யு மூன்றும் காலையில் சில நிமிஷங்களுக்குள் தீப்பிடித்தன, ஹிர்யு சாயங்காலம். நான்கும் போயின. எதுவும் மிதந்து வரவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் உகாகியைச் சகுனியாக்கி, "பார்த்தீர்களா, பகடை சொன்னதைக் கேட்கவில்லை, அழிந்தார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆட்டம் ஆட ஆரம்பித்த பிறகு புத்தகங்களைத் தேடிப் பிடித்தபோது வேறொன்று தெரிந்தது. அன்று காலை மிட்வே தீவிலிருந்து கிளம்பின விமானங்களில் ஒன்றுகூட ஒரு ஜப்பானிய விமானந்தாங்கியின் மேல் ஒரு குண்டைக்கூடப் போட முடியவில்லை. அழித்தவை அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள். ஆகவே பகடை விஷயத்தில் உகாகி சொன்னது சரி. தரையிலிருந்து வந்த விமானங்களுக்கு ஒன்பது குண்டு அதிகம்தான். அவர் தவறியது வேறு இடத்தில். பகடையைத் திருத்தினாரே தவிர, "எதிரியின் கப்பல்கள் நாம் எதிர்பாராத இடத்தில் நின்றால்?" என்ற கேள்வியை மனசுக்குள் விடவில்லை. கதை எழுதுகிறவர்கள் பலருக்கு இந்த வியாதி உண்டு. ஒரு சம்பவத்தின் நம்பகத்தன்மையை ராப்பகலாகத் திருத்திக்கொண்டிருப்போம்; அந்தப் பாத்திரம் அந்த ஊரில் ஏன் இருக்கிறது என்ற கேள்வியைத் தொடவே மாட்டோம்.

இதற்கு எட்டு ஒன்பது மாதம் முந்தியே இன்னோர் ஆட்டமும் நடந்திருக்கிறது. 1941 ஆகஸ்டில் டோக்கியோவில், முழு யுத்த ஆராய்ச்சிக் கழகம் என்ற அரசாங்க ஸ்தாபனத்தில், இளம் உத்தியோகஸ்தர்களும் ராணுவ அதிகாரிகளும் மந்திரிசபை போல வேஷம் போட்டுக்கொண்டு அமெரிக்காவோடு யுத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எண்ணெய், கப்பல் டன்னேஜ், மூழ்கப் போகும் கப்பல்கள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, தோல்விதான் என்று முடிவு சொன்னார்கள். யுத்த மந்திரியாயிருந்த டோஜோ, யுத்தம் என்பது காகிதத்தில் போட்ட கணக்கின்படி நடப்பதில்லை என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனாலும் கணக்கின்படிதான் நடந்தது.

இப்போது என் யுத்தத்துக்கு வருகிறேன். நான் இலங்கையைப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். இது என் சொந்தப் பைத்தியம் அல்ல. 1942 தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படையில் இந்த யோசனை உண்மையாகவே இருந்தது; தரைப்படை ஆட்கள் தர மறுத்ததால் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக நகுமோ ஐந்து விமானந்தாங்கிகளோடு வந்தார். ஏப்ரல் 5ந் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் குண்டு போட்டார். அன்றே டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு க்ரூஸர்களை மூழ்கடித்தார். 9ந் தேதி திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கி. பிறகு திரும்பிப் போய்விட்டார். வந்த காரியம் அவ்வளவுதான்.

ஆட்டத்திலும் தரைப்படை லேசில் ஆள் தருவதில்லை. மஞ்சூரியாவில் சும்மா நிற்கிற ஒரு டிவிஷனை எடுக்க வேண்டுமானால் 'அரசியல் புள்ளிகள்' என்று ஒன்றைச் செலவழிக்க வேண்டும். அது தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இரண்டரை மாதம் உண்டியலில் போட்டுச் சேர்த்து டிவிஷன்களை வாங்கினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய கற்பனை இலங்கைப் படையெடுப்பு அல்ல. கடற்படையும் தரைப்படையும் என் ஒரு தலைக்குள் இருக்கின்றனவே, அதுதான் மிகப் பெரிய கற்பனை. நிஜத்தில் அந்த இரண்டு பேரும் ஓரகத்திகள் மாதிரி; ஒருத்தி அடுப்பில் என்ன இருக்கிறது என்று மற்றவளுக்குத் தெரியாது. புள்ளிகள் வைத்தவர்கள் அந்தச் சண்டையைக் காட்டத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் சண்டை போட ஆள் இல்லாமல் விலை மட்டும் இருக்கிறது. இதைக் குறை என்றுதான் சொல்ல வேண்டும். டோக்கியோ அரசியலில் எழுதப்பட வேண்டிய நாவல் ஒன்று இந்த எண்ணுக்குள்ளே செத்துக் கிடக்கிறது.

மார்ச் கடைசியில் திருகோணமலைக்குக் கீழே இறங்கினேன். இறங்குவது என்பது ஒரு நாள் காரியம் அல்ல. ஆட்கள் ஒரு நாள், பீரங்கி மூன்று நாள், அரிசி ஒரு வாரம். அந்த இடத்துக்கென்று முன்கூட்டித் தயார் செய்யாத படை கரையில் இறங்கும்போதே பாதி குலைந்துவிடுகிறது. திருகோணமலை பன்னிரண்டு நாளில் விழுந்தது. கொழும்பு மே மாதம் 20ந் தேதி வரை நின்றது. அதற்குள் சிங்கப்பூரிலிருந்து இலங்கைக்கு எண்ணெய்க் கப்பல்களை வரிசையாக ஓட விட்டிருந்தேன். ஜப்பானுக்குப் போக வேண்டிய எண்ணெய் அது. அமெரிக்க நீர்மூழ்கிகளின் டார்ப்பிடோக்கள் பல வெடிக்காமல் போனதால் பிழைத்தேன். 1943 வரையில் அமெரிக்கர்களின் டார்ப்பிடோ நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ஒரு நாவலில் இதை எழுதினால் விமரிசகர்கள் என்னை விடமாட்டார்கள்.

கொழும்பு விழுவதற்கு முன்பு நடந்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். ஏப்ரல் மாத நடுவில் என் விமானந்தாங்கிகள் ஆறு நாள் மருமகன் கண்ணில் படவில்லை. அவன் வேவு விமானங்கள் தேடித் தேடிக் களைத்தன. ஆறாம் நாள் அவன் கல்கத்தாவிலும் சென்னையிலும் இருந்த கப்பல்களையெல்லாம் கிளப்பி மேற்கே ஓட்டினான். சென்னையில் இருந்த விமானங்களை உள்நாட்டுக்கு அனுப்பினான். என் கப்பல்கள் எங்கே இருந்தன? எண்ணெய் போட்டுக்கொள்ள சிங்கப்பூர் போயிருந்தன. பிறகு இதைச் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான். எந்தப் புத்தகத்தையும் விட்டுவைக்காதவன் அவன். நகுமோ திரும்பிப் போன தேதியை மனப்பாடமாகச் சொல்லுவான். அப்படியும் பயந்துவிட்டான்.

இந்த இடத்தில் நான் ஆட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். 1942 பங்குனிக் கடைசியில் சென்னையில் நடந்தது இதுதான். கொழும்பில் குண்டு விழுந்த மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம், வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று சொன்னது; ஆபீஸ்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது; மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் எழும்பூரிலும் சென்ட்ரலிலும் போய் விழுந்தார்கள். அதற்குள் நகுமோ மலாக்கா ஜலசந்தியை நோக்கித் திரும்பியாகிவிட்டது. யாரும் வரவில்லை. வருவதாகவும் இல்லை.

என் அம்மாவுக்கு அப்போது பத்து வயசு. மயிலாப்பூரில் வீடு. பசுவை அவிழ்த்து விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அது தெருக்கோடி வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே வந்ததாம். எழும்பூரிலிருந்து கும்பகோணம். ஜன்னல் வழியாக ஆட்களை உள்ளே தள்ளின கூட்டம். பாட்டி மடியில் ஏழு மாதக் குழந்தை, என் அம்மாவுக்கு அடுத்த தம்பி. விழுப்புரத்தில் தண்ணீருக்கு இறங்கின தாத்தா திரும்பி ஏற முடியவில்லை. அடுத்த வண்டியில் வந்தார். குழந்தைக்கு வண்டியிலேயே ஜுரம். கும்பகோணம் போய் நான்காம் நாள் போய்விட்டது. பாட்டி அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வெறும் புரளிக்குப் பயந்து ஓடினோம், அரசாங்கம் முட்டாள்தனமாகக் கலக்கிவிட்டது என்று தாத்தா மட்டும் சாகிற வரை திட்டிக்கொண்டிருந்தார். நானும் அப்படியே நினைத்திருந்தேன். ஆறு நாள் கப்பல் கண்ணில் படாவிட்டால் எல்லாம் தெரிந்தவனே என்ன செய்கிறான் என்று இப்போது பார்த்தாகிவிட்டது. தாத்தா இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன், ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

ஆட்டத்துக்கு நான் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டு இதுதான். எல்லாம் தெரிந்தவனையும் தெரியாதவனாக்கி உட்கார வைத்துவிடுகிறது. நல்ல நாவல் செய்கிற காரியம் அது.

இனி மற்றதையும் சொல்ல வேண்டும். ஜூன் மாதம், கொழும்பிலிருந்து கிளம்பி, சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டேன். ராணுவ ரீதியாக அவசியம் என்று அப்போது ஒரு காரணம் வைத்திருந்தேன். உண்மைக் காரணம், முடிந்தது, அதனால் செய்தேன். அறிக்கை வந்தது. இத்தனை விமானம் போயிற்று, இத்தனை திரும்பிற்று. துறைமுகத்தில் இத்தனை அடி, கிடங்கில் இத்தனை அடி. சென்னை என்பது ஒரு புள்ளி. துறைமுகத்துக்கு ஓர் எண், விமானத்தளத்துக்கு ஓர் எண், கையிருப்புச் சரக்கு இவ்வளவு. நான் சந்தோஷமாகத் தூங்கப் போனேன். இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

காலையில் அம்மாவுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. காது மந்தம், மற்றதெல்லாம் தெளிவு. பேரன் சொல்லி, நான் என்ன விளையாடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். விளையாட்டாகச் சொன்னேன்: "அம்மா, நேத்து ராத்திரி மெட்ராஸ் மேலே குண்டு போட்டேன்."

அம்மா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "ரயில் விட்டாளா?"

"ரயில் இருக்கு. பட்டாளம்தான் போகும்."

"ஜனங்கள்?"

"ஜனங்கள் அதிலே கிடையாதும்மா."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பின்னே எதுக்குடா குண்டு போட்டே?" என்றாள்.

முந்நூறு பக்க விதிகளையும் படித்துவிட்டு நான் செய்யாத விமரிசனத்தை அவள் படிக்காமலே செய்துவிட்டாள். மருமகனிடம் சொன்னபோது அவன் ஆட்டத்தின் கட்சி பேசினான். "மாமா, இது அட்மிரலோட நாற்காலி. நகுமோவுக்கு மயிலாப்பூர் தெரியுமா? தெரியாத ஒருத்தனோட கண்ணாலே பார்க்கச் சொல்றாங்க. அதுல ஜனங்களைப் போட்டா பொய்யாயிடும்." இது சாமர்த்தியமான வாதம் என்பதோடு பாதி உண்மையும்கூட. கதையை யார் கண் வழியாகச் சொல்கிறோமோ அவனுக்குத் தெரிந்ததுதான் கதையில் இருக்கலாம் என்று நானே இளம் எழுத்தாளர்களுக்கு உபதேசம் செய்திருக்கிறேன்.

ஆனால் மற்ற பாதி? 1943ல் ஜப்பானியர்கள் நவுரு என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து 1,200 தீவுவாசிகளைக் கப்பலேற்றி ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1946ல் திரும்பி வந்தவர்கள் 737 பேர். இந்தக் காரியத்தைச் செய்தவர்களும் கப்பல்காரர்கள்தான்; எத்தனை பேர், எத்தனை கப்பல், எத்தனை வாய்க்குச் சோறு என்று கணக்குப் பார்த்துத்தான் செய்தார்கள். அட்மிரலின் நாற்காலிக்கு ஜனங்கள் தெரியாது என்பது சரியல்ல. தெரியும், சுமையாகத் தெரியும். தன் படைக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிற ஆட்டத்தில், அந்தத் தீவில் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்கே? நான் பிடித்த இலங்கையில் ஒருவருமே சாப்பிடவில்லை. அறுபது லட்சம் பேர் இருந்த தீவு அது. அன்று தன் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த தீவு. பர்மா விழுந்ததும் அந்த அரிசி நின்றுபோயிற்று. நிஜத்தில் நான் கொழும்பைப் பிடித்திருந்தால் அடுத்த நாள் காலையில் என் முதல் பிரச்சினை பிரிட்டிஷ் கடற்படை அல்ல, அரிசிதான். கணக்கே தன் உயிர் என்று வைத்துக்கொண்ட ஒரு படைப்பு, கணக்கிலேயே இந்த வரியை விட்டுவிட்டது. பைவாட்டரின் நாவலுக்கு இருந்த அதே நோய். இவ்வளவு வருஷம் ஆகியும் தீரவில்லை. கல்கியின் இளவரசனுக்கு இது தெரிந்திருந்தது என்று மறுபடியும் சொல்லத் தோன்றுகிறது.

குவாடல்கனாலில் பசியும் நோயும் குண்டைவிட அதிகமான ஜப்பானியரைக் கொன்றன. அதை இந்த ஆட்டம் நன்றாகவே காட்டுகிறது. சோறு போகாத தீவில் என் படை எப்படி நாளுக்கு நாள் கரைகிறது என்று பார்க்கிறபோது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆகவே பசியைக் காட்டத் தெரியாதவர்கள் அல்ல இதைச் செய்தவர்கள். யாருடைய பசி என்பதில்தான் கோடு கிழித்துவிட்டார்கள்.

என் யுத்தம் இப்போது ஆகஸ்டு மாதம் 9ந் தேதியில் நிற்கிறது. இலங்கை என் கையில் இருக்கிறது. ஆனால் எண்ணெய் இல்லை. மருமகன் கில்பர்ட் தீவுகளில் இறங்கிவிட்டான். அங்கே அனுப்ப வேண்டிய கப்பல்கள் கொழும்பில் நங்கூரமிட்டு நிற்கின்றன. பாலெம்பாங்கிலிருந்து ஆறு எண்ணெய்க் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன. நாளை ராத்திரி வர வேண்டும்.

நேற்று அம்மா அவளாகவே கேட்டாள்: "இன்னும் மெட்ராஸ் பக்கம்தான் இருக்கியா?"

"இல்லேம்மா. எண்ணெய் தீர்ந்துபோச்சு. திரும்பிட்டேன்."

"நல்லதாப் போச்சு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்து, காத்து வருது" என்றாள்.